ஏம்ஸ் மாதிரி வாக்கெடுப்பு: 30 டாலர் சீட்டுக்கு என்ன கிடைத்தது?

அமெரிக்காவின் அயோவா மாநிலக் குடியரசுக் கட்சி ஏம்ஸ் நகரில் நடத்திவந்த ‘ஸ்ட்ரா போல்’ என்னும் மாதிரி வாக்கெடுப்பை ஒரு தேர்தல் என்று சொல்வதைவிட, காசு கொடுத்துச் சீட்டு வாங்கிப் பெறுகிற ஒரு சேவை என்று சொல்வதே பொருத்தமாக இருக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க ஒரு துரும்பை மேலே எறிந்து பார்ப்பதிலிருந்து வந்த பெயர் அது. அதிபர் தேர்தலுக்கு முந்தைய ஆண்டின் கோடையில், கட்சிக்கு நிதி திரட்டவும், வேட்பாளர்களின் பலத்தை நாடு பார்க்கவும், வாக்காளர்கள் அவர்களை நேரில் கேட்டறியவும் ஒரே நாளில், ஒரே திடலில் நடந்த நிகழ்ச்சி அது. 2011 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை நடந்த வாக்கெடுப்புக்குச் சீட்டு 30 டாலர். அப்போது நான் டி மோய்ன் நகரில் குடியிருந்தேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எந்த வேட்பாளரின் அணியும் எனக்குச் சீட்டு வாங்கித் தரவில்லை. என் காசில் வாங்கினேன். ரான் பாலுக்கு வாக்களித்தேன். மதிப்புரை எழுதுகிறவன் தன் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை என்பதால் இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நான் இங்கே எழுத விரும்புவது அந்த வாக்கெடுப்பின் ஒரு பகுதியைப் பற்றித்தான். வரி குறைய வேண்டும், அரசாங்கம் சுருங்க வேண்டும், மத்திய வங்கி கணக்குக் காட்ட வேண்டும், வெளிநாட்டுப் போர்கள் முடிய வேண்டும், தனிமனிதர் வாழ்வில் அரசு தலையிடக் கூடாது என்று நினைக்கிற, லிபர்டேரியன் சாய்வுள்ள வாக்காளர்கள் குடியரசுக் கட்சியில் எப்போதும் உண்டு. அவர்களைத் தனியாக எண்ணிப் பார்க்கக் கட்சியில் வேறு ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. கருத்துக்கணிப்புகளில் அவர்கள் பழமைவாதிகளோடு கலந்துவிடுவார்கள். பொதுத்தேர்தலில் வேறு வழியின்றிக் கட்சி நிறுத்திய வேட்பாளருக்கே வாக்களிப்பார்கள். 2011-இல் ஏம்ஸ் திடலில்தான் அவர்களுடைய வாக்குக்காக இரண்டு வேட்பாளர்கள் நேருக்கு நேர் போட்டியிட்டதை நான் பார்த்தேன். ஒருவர் டெக்சாஸ் காங்கிரஸ் உறுப்பினர் ரான் பால். மற்றவர் மினசோட்டா காங்கிரஸ் உறுப்பினர் மிஷெல் பாக்மன்.

வாக்கெடுப்பு நடந்த இடம் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹில்டன் கொலிசியம் அரங்கும் அதைச் சுற்றியுள்ள திடலும். டி மோய்னிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். திடலில் ஒவ்வொரு வேட்பாளரும் பந்தல் போட இடம் ஏலத்தில் விடப்பட்டது. அதிகத் தொகை கேட்டு முதலிடத்தைப் பிடித்தவர் ரான் பால்; கொடுத்த தொகை 31,000 டாலர். 2007-இல் மிட் ராம்னி பிடித்திருந்த அதே இடம் அது. வாக்களிக்க வருகிறவர் எவராக இருந்தாலும் அவர் கண்ணில் படாமல் போக முடியாத இடம் என்பதால் அந்தத் தொகையை வீண் என்று சொல்ல மாட்டேன். திரளாகத் தொண்டர்கள் இருந்தும் அவர்களைச் செய்தியாளர்கள் ஒரு பொருட்டாகவே எண்ணாத ஒரு வேட்பாளருக்கு, இடத்தின் மதிப்பு மற்றவர்களுக்கு இருந்ததைவிட அதிகம்.

பந்தல்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. பாக்மனின் பந்தல் குளிரூட்டப்பட்டது. நாட்டுப்புறப் பாடகர் ராண்டி டிராவிஸ் அங்கே பாடினார். டிம் பாலென்டி நெருப்பில் வாட்டிய இறைச்சியும் ஐஸ்கிரீமும் கொடுத்தார். ரிக் சாண்டோரம் வீட்டுப் பழப்பாகு புட்டிகளைக் கொடுத்தார். ரான் பாலின் இடத்தில் குழந்தைகளுக்காகக் காற்றடைத்த பெரிய சறுக்கு ஒன்று நின்றது. ‘சறுக்கும் டாலர்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சிறுமி மேலே ஏறி வழுக்கிக்கொண்டு வந்து விழும்போது, பக்கத்தில் நின்ற தொண்டர் ஒருவர் அவள் தாயிடம், நோட்டு அதிகமாக அச்சடிக்கப்பட்டால் கையிலிருக்கும் சேமிப்பின் மதிப்பு எப்படி வழுக்கும் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். பொருளாதாரக் கொள்கை ஒன்றை விளையாட்டுச் சாமானாக்கிக் காட்டிய அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மற்றப் பந்தல்களில் சாப்பாடு நன்றாக இருந்தது. இங்கே ஒரு கருத்து கையில் கிடைத்தது.

அன்று என்னோடு வந்தவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். சோளம் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர், ஓய்வு பெற்றவர், மகன் ஈராக்கில் பணியாற்றித் திரும்பியவன். அவருக்கு ஒரு வேட்பாளரின் அணியே சீட்டு கொடுத்திருந்தது. பாக்மனுக்கா, ரான் பாலுக்கா என்று அவர் முடிவு செய்யாமலே வந்திருந்தார். அப்படித் தயங்கியவர்கள் அன்று நிறையப் பேர் இருந்தார்கள் என்பதற்கு இருவரும் பேசிய பேச்சே சான்று. 2008-இல் வங்கிகளை மீட்க 70,000 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்தை இருவருமே எதிர்த்து வாக்களித்தவர்கள். ஏம்ஸுக்குப் பதினோரு நாள் முன்பு, ஆகஸ்ட் 2 அன்று கையெழுத்தான கடன் உச்சவரம்பு உயர்வையும் இருவரும் எதிர்த்திருந்தார்கள். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கணக்கைத் தணிக்கை செய்ய ரான் பால் 2009-இல் கொண்டுவந்த மசோதாவுக்குப் பாக்மனும் இணைந்து கையொப்பமிட்டிருந்தார். வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்து எழுந்த டீ பார்ட்டி இயக்கத்துக்கு 2010 ஜூலையில் காங்கிரசில் ஓர் உறுப்பினர் குழுவைத் தொடங்கியவர் பாக்மன். அந்த இயக்கத்துக்கே ஞானத்தந்தை என்று பலரால் அழைக்கப்பட்டவர் ரான் பால். தடையற்ற சந்தையை ஆதரித்த ஆஸ்திரியப் பொருளியலாளர் மீசஸின் எழுத்தைக் கடற்கரை விடுமுறைக்கும் எடுத்துப் போவதாகப் பாக்மன் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் சொல்லியிருந்தார். அந்தப் பெயரை ரான் பாலின் தொண்டர்கள் மட்டுமே அறிவார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது.

ஆனால் பெரியவர் கேட்ட கேள்விகள் வேறு. அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய பேட்ரியட் சட்டத்தைப் பற்றி முதலில் கேட்டார். 2001-இலேயே அதை எதிர்த்து வாக்களித்த மூன்றே குடியரசுக் கட்சியினரில் ரான் பால் ஒருவர். பாக்மன் 2011-இல் அதன் நீட்டிப்புக்கு ஆதரவாக வாக்களித்தவர். அடுத்துப் போரைப் பற்றிக் கேட்டார். ஈராக் போருக்கு 2002-இல் அனுமதி மறுத்து வாக்களித்தவர் ரான் பால். ஏம்ஸ் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, அதே ஊரில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில், ஈரானைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை என்று அவர் வாதிட்டபோது சாண்டோரம் கடுமையாக மறுத்ததை நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்திருந்தோம். திருமணம் குறித்து நாடு முழுவதற்கும் ஓர் அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்பது பாக்மனின் நிலை. மத்திய அரசுக்கு அதில் வேலை இல்லை என்பது ரான் பாலின் நிலை. செலவைக் குறைப்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை; அரசு என்னும் கருவியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதில்தான் வேறுபாடு. லிபர்டேரியன் சாய்வுள்ள வாக்காளர் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஏம்ஸைவிட நல்ல இடம் இருந்திருக்க முடியாது. இரண்டு பந்தல்களுக்கும் நடந்தே போய்க் கேட்டுவிட்டு வரலாம்.

ரான் பாலும் தன் பங்குக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மகப்பேறு மருத்துவரான அவர், அயோவாவின் சமயப் பற்றுள்ள வாக்காளர்களை மனத்தில் வைத்து, கருக்கலைப்பு எதிர்ப்பை அந்த ஆண்டு முன்னிலைப்படுத்தினார். ஒருவர் மதவழிப் பழமைவாதத்திலிருந்து லிபர்டேரியன் பக்கமாகவும், இன்னொருவர் லிபர்டேரியன் நிலையிலிருந்து மதவழிப் பழமைவாதத்தின் பக்கமாகவும் வந்து நடுவில் சந்தித்த இடம் ஏம்ஸ். 1988-இல் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராகவே நின்ற மனிதர் இப்படி நெகிழ்ந்ததைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அவர் தன் வாக்குப்பதிவு வரலாற்றில் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை, அடுக்கிவைத்த வரிசையை மட்டுமே மாற்றினார்.

மற்றவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோளத்திலிருந்து எடுக்கும் எரிபொருளான எத்தனாலுக்குரிய மானியத்தைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று சோளம் விளையும் அயோவாவிலேயே, தன் பிரசாரத் தொடக்க நாளில் சொன்னவர் பாலென்டி. அந்தத் துணிவுக்காக மட்டுமே நான் அவரை மதிக்கிறேன். ஹெர்மன் கெய்ன் இப்போதுள்ள வருமான வரிமுறையை மாற்றுவது பற்றிப் பேசினார். ஆனால் கான்சாஸ் சிட்டி ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுத் தலைவராக இருந்தவர் என்பதால் மத்திய வங்கியைப் பற்றிய கேள்விகளில் அவரிடம் எங்களுக்குத் திருப்தி கிடைக்கவில்லை.

இந்தச் சேவையின் முதல் பெருங்குறை வாக்குச்சீட்டிலேயே தெரிந்தது. அச்சிட்ட பெயர்கள் 9. நியூ மெக்சிகோவில் இரண்டு முறை ஆளுநராக இருந்து, நூற்றுக்கணக்கான மசோதாக்களைத் தடுத்து நிறுத்திப் பெயர் வாங்கிய கேரி ஜான்சனின் பெயர் அதில் இல்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே போட்டியை அறிவித்தவர் அவர். லிபர்டேரியன் சாய்வுள்ள வாக்காளர் என்ற முறையில், எனக்கு ரான் பாலும் ஜான்சனும் ஒரே சீட்டில் இருந்திருந்தால்தான் உண்மையான தெரிவு கிடைத்திருக்கும்: ஒருவர் நாணயத்தையும் போரையும் பற்றிப் பேசுபவர், மற்றவர் ஒரு மாநிலத்தை நடத்திக் காட்டியவர், போதைப்பொருள் சட்டங்களைப் பற்றி ஆளுநராக இருக்கும்போதே துணிந்து பேசியவர். இரண்டு நாள் முன்பு நடந்த விவாதத்திலும் ஜான்சனுக்கு இடம் இல்லை. ஒரு கடையில் நாம் தேடி வந்த சரக்கு அலமாரியிலேயே இல்லையென்றால், மீதிச் சரக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் குறை குறைதான். கையால் பெயர் எழுதிக்கொள்ள ஒரு கோடு விட்டிருந்தார்கள். அதில் அதிகம் எழுதப்பட்ட பெயர் வேறொருவருடையது என்று மாலையில் தெரிந்தது.

வாக்களித்ததும் மறுபடி வந்து போடாமல் இருக்க விரலில் அழியா மை வைத்தார்கள். ஊரில் இருந்தவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் இடக்கைச் சுட்டுவிரலில் மை வாங்கிப் பழகிய எனக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. பெரியவருக்குத்தான் அது புதிதாக இருந்தது, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1995 வாக்கெடுப்பில் வெளிமாநிலத்தவரும் சீட்டு வாங்கி வாக்களிக்கலாம் என்றிருந்ததால் அதன் முடிவையே பலர் நம்பவில்லை. பிறகுதான் அயோவாவில் குடியிருப்பவர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று விதி வந்தது. நான் பார்த்த அளவில் அடையாளச் சோதனையும் வரிசையும் ஒழுங்காகவே நடந்தன. ஏற்பாட்டுக்கு 5-க்கு 4 கொடுப்பேன்.

மாலையில் மாநிலக் கட்சித் தலைவர் முடிவை அறிவித்தார். பதிவான வாக்குகள் 16,892. பாக்மன் 4,823, ரான் பால் 4,671. வேறுபாடு 152 வாக்குகள். மூன்றாம் இடம் பெற்ற பாலென்டிக்கு 2,293 வாக்குகளே கிடைத்தன. அதாவது முதல் இருவர் மட்டும் சேர்ந்து பாதிக்கு மேல் வாங்கியிருந்தார்கள். பதிவான நூறு வாக்கில் ஐம்பத்தாறு அவர்களுடையது. சாண்டோரமுக்கு 1,657, கெய்னுக்கு 1,456. அன்றைய தினமே தென் கரோலினாவில் போட்டியை அறிவித்த டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரியின் பெயரை 718 பேர் கையால் எழுதியிருந்தார்கள். சீட்டில் பெயர் அச்சாகியும் ஏம்ஸில் பிரசாரம் செய்யாத ராம்னிக்குக் கிடைத்ததோ 567.

இந்த எண்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் இந்தச் சேவையின் தரம் அடங்கியிருக்கிறது. 2007-இல் இதே திடலில் ரான் பால் பெற்றது 1,305 வாக்குகள், ஐந்தாம் இடம். நான்கே ஆண்டில் அது மூன்றரை மடங்காகியிருந்தது. பெரிய பாடகர் யாரையும் அழைத்து வராமல், பந்தலில் குளிரூட்டலும் இல்லாமல் கிடைத்த வாக்குகள் அவை. இதைத்தான் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் தலைப்பாக்கியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பேச்சு முழுவதும் பாக்மனின் வெற்றியைப் பற்றியும் பெர்ரியின் வருகையைப் பற்றியும் போட்டியிலிருந்து விலகிய பாலென்டியைப் பற்றியுமே இருந்தது. 152 வாக்கில் இரண்டாமிடம் பெற்றவரின் பெயரைச் சொல்லாமலே முதல் வரிசைப் போட்டியாளர்கள் என்று மூன்று பேரைப் பட்டியலிட்டார்கள். அந்த வாரம் நான் அடைந்த மனவருத்தத்தை இன்றும் மறக்கவில்லை. ஓர் அளவைக் கருவி தன் வேலையைச் சரியாகச் செய்து ஓர் எண்ணைக் காட்டும்போது, அதைப் பார்க்கவே மறுத்தால் அந்தக் கருவியை எதற்கு வைத்திருக்கிறோம்?

கருவியிலும் கோளாறு இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சீட்டுகளை வேட்பாளர்களே ஆயிரக்கணக்கில் வாங்கி, வண்டி வைத்து ஆட்களை அழைத்து வந்து, கையில் சீட்டைக் கொடுத்து அனுப்புவது அங்கே ஒளிவுமறைவில்லாத வழக்கம். எனவே அந்த எண்கள் மக்களின் விருப்பத்தை மட்டும் அளப்பதில்லை. யாரால் ஆட்களைத் திரட்ட முடியும் என்பதையும், யார் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்கின்றன. வரலாறும் அதையே சொல்கிறது. 1979-இல் வென்ற மூத்த புஷ், கட்சியினர் ஊர் ஊராகக் கூடி அதிபர் வேட்பாளருக்கு வாக்களிக்கும் அயோவா காக்கஸை வென்றார், கட்சியின் நியமனத்தைப் பெறவில்லை. 1987-இல் வென்றவர் பாட் ராபர்ட்சன். நியமனம் பெற்றவர் மூத்த புஷ். 1995-இல் பாப் டோலும் பில் கிராமும் சமமாக வந்தார்கள்; நியமனம் டோலுக்குப் போனது. 1999-இல் மட்டும் இளைய புஷ் இங்கே வென்று, காக்கஸிலும் வென்று, அதிபரும் ஆனார். 2007-இல் வென்ற ராம்னி காக்கஸிலேயே தோற்றார். முன்கூட்டிச் சொல்லும் கருவி என்ற அளவில் இதற்கு 5-க்கு 2-க்கு மேல் கொடுக்க முடியாது.

2011-இன் வெற்றியாளருக்கு நேர்ந்தது அதைவிட மோசம். 2012 ஜனவரி 3 அன்று நடந்த காக்கஸில் பாக்மனுக்கு 6,046 வாக்குகள், ஆறாம் இடம், மறுநாள் விலகிவிட்டார். அதே இரவில் ரான் பால் 26,036 வாக்குகளோடு மூன்றாம் இடத்தில் நின்றார். முதல் இரண்டு இடங்களில் இருந்த சாண்டோரமுக்கும் ராம்னிக்கும் இடையே இறுதிக் கணக்கில் இருந்த வேறுபாடு 34 வாக்குகள்தான். ஏம்ஸில் பாக்மன் பெற்ற வாக்குகள் அவரைத் தாங்கி நிற்கவில்லை, ரான் பாலின் வாக்குகள் நின்றன. ஆகஸ்டில் சம எடையாகத் தெரிந்த இரண்டு தட்டுகளில் எதில் கனமான பொருள் இருந்தது என்று ஜனவரியில் தெரிந்துவிட்டது.

இந்தப் போட்டியின் கசப்பான பகுதி ஒன்றையும் எழுதியாக வேண்டும். பாக்மனின் அயோவா பிரசாரத் தலைவராக இருந்த மாநில செனட்டர் கென்ட் சோரன்சன், காக்கஸுக்கு ஆறு நாள் இருக்கையில், டிசம்பர் 28 அன்று ரான் பாலின் மேடையில் ஏறி அணி மாறினார். பணத்துக்காக மாறினார் என்று பாக்மன் அப்போதே குற்றம் சாட்டினார். ரான் பால் தரப்பு மறுத்தது. சோரன்சன் 2014-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ரான் பாலின் பிரசார நிர்வாகிகள் மூவர் 2016-இல் தண்டனைக்கு உரியவர்களாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். ரான் பால் மீது எந்தக் குற்றச்சாட்டும் வரவில்லை. எனினும், அவருக்கு வாக்களித்த நான் இதைச் சொல்லாமல் விட்டால், கணக்கைக் காட்டு என்று மத்திய வங்கியிடம் கேட்கும் தகுதி எனக்கு இல்லாமல் போய்விடும்.

நல்ல பகுதியும் உண்டு. ஏம்ஸ் பந்தலில் சறுக்கின் பக்கத்தில் நின்று விளக்கிய தொண்டர்களைப் போன்றவர்கள்தாம், காக்கஸ் முடிந்து மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் உட்கார்ந்திருந்து, வட்டக் கூட்டம், மாவட்டக் கூட்டம், மாநில மாநாடு என்று படிப்படியாகப் பிரதிநிதி இடங்களைப் பிடித்தார்கள். 2012 ஆகஸ்டில் டாம்பா நகரில் நடந்த தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் ரான் பாலின் பெயரைச் சொன்னார்கள். கேரி ஜான்சன் அதற்குள் லிபர்டேரியன் கட்சிக்குப் போய், அந்த நவம்பரில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். ஏம்ஸ் வாக்குச்சீட்டில் அவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தால், அந்த வாக்குகளில் ஒரு பகுதியையாவது கட்சி தன்னிடமே வைத்திருந்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதே வகைச் சேவையை வேறு இடத்தில் பெற விரும்புகிறவர்களுக்குச் சிபேக் என்னும் பழமைவாத மாநாட்டின் மாதிரி வாக்கெடுப்பு உண்டு. ரான் பால் 2010-இலும் 2011-இலும் அங்கே முதலிடம் பெற்றார். அவர் மகன் ராண்ட் பால் 2013 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 2011-இல் கேரி ஜான்சனும் அந்தச் சீட்டில் இருந்தார் என்பது ஏம்ஸைவிட அதற்குள்ள ஒரே மேன்மை. மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து வாக்களிக்கும் இடம் அது. வயல்வெளியிலிருந்து வரும் பெரியவர்களைப் பார்க்க முடியாது. ஒரு மாநிலத்தின் வாக்காளர்களை வேட்பாளர் நேரில் வந்து கேட்கும் அந்த உறவு அங்கே இல்லை.

லிபர்டேரியன் சாய்வுள்ள வாக்காளருக்குக் கிடைத்த பயன் என்று மட்டும் பார்த்தால் ஏம்ஸுக்கு 5-க்கு 4 கொடுப்பேன்; குறைத்த அந்த ஒன்று ஜான்சனுக்காக. இதைப் படிக்கிறவர்கள் இனி அந்தச் சீட்டை வாங்க முடியாது. 2015 ஆகஸ்டில் பூன் என்னும் ஊரில் நடத்துவதாக இருந்த வாக்கெடுப்பை, வேட்பாளர்கள் பலர் வர மறுத்ததால், மாநிலக் கட்சியின் மத்தியக் குழு ஜூன் மாதத்திலேயே ஒருமனதாக ரத்து செய்துவிட்டது. முன்கூட்டிச் சொல்லத் தவறுகிறது, பணம் விழுங்குகிறது என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டுமே உண்மைதான். ஆனால் அந்த ஆண்டுதான் லிபர்டேரியன் வாக்குக்கான போட்டி மறுபடியும் சூடாக இருந்தது: தந்தையின் ஆதரவாளர்கள் தனக்கே உரியவர்கள் என்று நம்பிய ராண்ட் பாலும், அவர்களைத் தன் பக்கம் இழுக்கத் தொடர்ந்து முயன்ற டெக்சாஸ் செனட்டர் டெட் குரூஸும் அயோவாவில் மோதினார்கள். ஃபெடரல் ரிசர்வ் தணிக்கை மசோதா 2016 ஜனவரி 12 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அதை ஆதரிப்பதாகச் சொல்லிவந்த குரூஸ் வாக்களிக்க வரவில்லை. மசோதா தேவையான 60 வாக்குகளை எட்டாமல் நின்றது. 2011-ஐப் போல ஒரு திடல் இருந்திருந்தால், அந்தப் போட்டியில் யார் எதற்கு வாக்களித்தவர் என்பதைப் பந்தல் பந்தலாகப் போய்க் கேட்டிருக்கலாம்.

2016 பிப்ரவரி 1 இரவு, காக்கஸுக்குப் பெரியவரும் நானும் ஒரே வண்டியில்தான் போனோம். பள்ளிக்கூட உணவறையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து இரண்டொரு நிமிடம் பேசினார். வெற்றுத் தாளில் பெயரை எழுதி மடித்துக் கொடுத்தோம். ராண்ட் பாலுக்கு மாநிலம் முழுவதிலும் 8,481 வாக்குகள் கிடைத்தன. இரண்டு நாள் கழித்து அவர் விலகினார். குரூஸ் முதலிடம் பெற்றார். 2011-இல் இரண்டு பந்தல்களுக்கும் போய்க் கேட்டுவிட்டு, மகன் போன போரை எதிர்த்து வாக்களித்தவர் என்பதற்காக ரான் பாலுக்கு வாக்களித்த பெரியவர், இந்த முறை குரூஸ் பெயரை எழுதியதாகத் திரும்பி வரும் வழியில் சொன்னார். மத்திய வங்கியைத் தணிக்கை செய்யப் பாடுபடுகிறவர் அவர்தானே என்றார். மூன்று வாரம் முன்பு நடந்த செனட் வாக்கெடுப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.